பூவரச இலைக்குக் கிடைத்த பதவி

ஆவுடையம்மாளின் இட்லிக் கொப்பரையைக் கைது செய்தபோது உள்ளே கொழுக்கட்டை அரைவேக்காட்டில் இருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வெந்துவிடும், அப்புறம் கொண்டுபோங்களேன் என்று அவள் கேட்டுப் பார்த்தாள். வேகவைப்பதுதான் குற்றமே, அதைப் பக்கத்தில் நின்று முடித்துக்கொடுக்க முடியாது என்று சட்ட அலுவலர் ஸ்வாதி சொல்லிவிட்டார். மூடியைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, அரக்கு உருக்கி முத்திரை குத்தினார்கள். கொப்பரைச் சூட்டில் அரக்கு இளகி வழிந்தது. இன்னொரு தடவை குத்தினார்கள். அதுவும் வழிந்தது. கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு, கொப்பரை ஆறுகிற வரைக்கும் அதிகாரிகள் எல்லோரும் சுற்றி நின்று கோப்பு அட்டையால் விசிறினார்கள்.

அன்று சனிக்கிழமை. ஐந்தருவியில் தண்ணீர் திமிறிக்கொண்டு விழுகிறது. தலையில் எண்ணெயும் இடுப்பில் ஈரத் துண்டுமாகக் கொழுக்கட்டைக்கு வரிசை கட்டி நின்ற கூட்டம், காக்கிச் சட்டையைக் கண்டதும் பக்கத்தில் மசூதுவின் நேந்திரங்காய்ச் சிப்ஸ் கடைக்கு நகர்ந்தது. அந்தக் கூட்டம் போவதை ஆவுடையம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். சீசனில் பூட்டிக் கிடக்கிற கடையைப் பேரூராட்சி சும்மா வைத்திருக்காது, அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடும். அவள் வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பு எரிவது இந்த இடத்தை வைத்துத்தான். முத்திரை காய்வதற்குள்ளாகவே, மோமோஸ் போடுகிற ஒரு ஆள் வந்து கடை வாசலைக் காலடியால் அளந்து பார்த்துவிட்டுப் போனான்.

அவள் செய்த குற்றம் இது: காம்பு கிள்ளிய பூவரச இலையில் அரிசி மாவைத் தட்டினாள். நடுவில் கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் வைத்தாள். இலையோடு சேர்த்து மடித்து, பிரிந்துவிடாமல் இருக்க ஓரத்தை மூன்று விரலால் அழுத்தி ஆவியில் வைத்தாள். மாமியார் வீட்டுக்கு வந்த நாள் முதல் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். அது தேசத்துரோகத்தில் போய் முடியும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதற்கெல்லாம் மூலம் தேசிய இலைச் சின்ன வாரியம். அப்படி ஒன்று இருப்பதே குற்றாலத்து ஆட்களுக்கு அது வந்து இறங்கிய பிறகுதான் தெரியும். சிறப்பு நாணயத்தில் பொறிக்கவும், வாரியத்துக்கென்று ஒரு கொடியில் வரையவும், தேசத்துக்குத் தகுந்த இலை ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அதன் வேலை. இலை தேசம் முழுக்க இருக்கிறது. இருந்தாலும் வாரியத்தின் களஆய்வுக் கூட்டங்கள் மட்டும் வருஷா வருஷம் ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்திலேயே நடந்தன. சித்திரையில் வேலூரில் ஏன் நடத்தவில்லை என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டதற்கு, அங்கே இலைகள் வாடியிருக்கும், ஆய்வின் நடுநிலை கெட்டுவிடும் என்று பதில் வந்தது.

வாரியத்தின் தலைவர் முனைவர் தளவாய், வாரியம் தங்கியிருந்த அரசு பங்களா வாசலில் ஊர்க்காரர்களைக் கூட்டி வைத்துப் பேசிய பேச்சை ஆவுடையம்மாள் ஓரத்தில் நின்று கேட்டிருக்கிறாள். காலையில் அருவியில் குளித்த ஈரம் அவர் தலையில் இன்னும் காயவில்லை.

“கனடா நாட்டின் கொடியில் மேப்பிள் இலை இருக்கிறது. அதை நேரில் ஆராய வாரியம் அங்கே சென்றது. துரதிருஷ்டவசமாக இலை உதிர்ந்துபோன பருவம். ஆகையால் குடும்பத்தோடு மறுபடியும் செல்ல நேர்ந்தது. சைப்ரஸ் கொடியில் ஒலிவக் கிளைகள். அங்கும் சென்றோம். லெபனான் கொடியில் தேவதாரு. அங்கே நிலைமை சரியில்லாததால் செல்லவில்லை. அந்தத் தியாகத்தையும் வாரியம் செய்திருக்கிறது. நம் நாட்டுக்கு ஆல இலை என்றோம், பத்து மாநிலங்கள் எங்களுடையது என்றன. மா இலை என்றோம், வாழை கோபித்துக்கொண்டது. வேம்பு கசக்கும். வெற்றிலை என்றால் பக்கத்தில் பாக்கு கேட்பார்கள். பூவரச இலைக்கு மட்டும் ஒருவரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. அப்படி ஒரு இலை இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. இதைவிடச் சிறந்த தேசிய ஒருமைப்பாடு வேறு உண்டா?”

இல்லை என்று எல்லோரும் கை தட்டினார்கள். தட்டினால் சுண்டல் உண்டு என்று சொல்லப்பட்டிருந்தது.

முடிவு எடுத்தாயிற்று, இனி மாதிரி இலை வேண்டும். மேலகரத்தில் வாய்க்கால் கரையோரம், ஆவுடையம்மாள் வீட்டுக் கொல்லையில் நிற்கிற பூவரசு கண்டுபிடிக்கப்பட்டது. வாரியத்தின் ஒப்பந்தக் களப்பணியாளர் கிங்ஸ்லியை, மரத்தின் உச்சிக் கிளையில் சூரியனைப் பார்த்து நிற்கிற குற்றமில்லாத இலை ஒன்றைப் பறித்துவரச் சொல்லி அனுப்பினார்கள். அவன் போன நாளில் சூரியனும் இல்லை, மரம் ஏறுகிற மாதிரியும் இல்லை. சாரல் சாத்திக்கொண்டிருந்தது. அடிமரம் பாசி பிடித்து வழுக்கியது. கிங்ஸ்லி பாதி ஏறிச் சறுக்கி, முழங்கை சிராய்ந்து, நேரே ஆவுடையம்மாள் கடைக்குப் போய் ஒண்டினான். அவள் பாவம் பார்த்துச் சூடாக ஒரு கொழுக்கட்டை கொடுத்தாள். தின்று முடித்தபோது கையில் இலை மிஞ்சியது. அதைத் துடைத்து மாதிரி உறைக்குள் போட்டு அரசாங்க முத்திரை வைத்தான். பூவரச இலைதானே என்றான் தனக்குள். பூவரச இலைதான், அதில் பொய் இல்லை.

அந்த இலை டெல்லிக்குப் போயிற்று. வரைந்தார்கள், அச்சு வெட்டினார்கள், மாதிரி நாணயம் அடித்தார்கள், கொடியில் ஏற்றினார்கள். அடுத்த சீசனில் பங்களா வாசலில் அந்தக் கொடி ஏறியபோது தளவாய் விளக்கினார். இந்த இலைக்குக் காம்பு இல்லை, ஏனென்றால் தேசம் யாரிடமும் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. இதன் நிறம் பச்சையும் இல்லாத பழுப்பும் இல்லாத நிறம், அது பக்குவத்தைக் குறிக்கும். ஓரத்தில் மூன்று பள்ளங்கள் தெரிகின்றன. அவை நீர், நிலம், நிர்வாகம்.

“மூன்றில் நடுவிலுள்ளதுதான் மிகவும் ஆழமானது. அதுவே நிர்வாகம். மற்ற இரண்டை இயற்கை கொடுத்தது. நடுவிலுள்ளதை நாங்கள் கொடுக்கிறோம்” என்றார்.

ஆவுடையம்மாள் கொடியைப் பார்த்தாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள். நடு விரலால் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிடுகிற பழக்கம் அவளுக்கு உண்டு. கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவள் புருஷன் மாடக்கண்ணு, நம்ம மரத்து இலை துட்டுல வருதுல்லா என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனான்.

கொடி ஏறியதும் விதிகள் இறங்கின. பூவரச இலையை மிதிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, தரையில் விழவிடக் கூடாது. அவிக்கக் கூடாது என்று எங்கும் இல்லை, ஆவுடையம்மாள் வாய்க்காலோரத்து வேறு மரத்து இலையில் கொழுக்கட்டை போட்டுக்கொண்டுதான் இருந்தாள். கொல்லையில் நின்ற மரத்துக்கு ஒரு போலீஸ்காரரைக் காவல் போட்டார்கள். இலை உதிர்ந்தால் அவர் முதலில் சல்யூட் அடிக்க வேண்டும், பிறகு வெள்ளைக் கையுறை மாட்டி அதை எடுத்துப் பெட்டியில் வைக்க வேண்டும். ஆடிக் காற்று வந்தது. ஒரு கையை நெற்றியிலிருந்து இறக்குவதற்குள் பத்து இலை விழுந்தது. தோள்பட்டை வீங்கி அந்த மனுஷர் மாற்றல் கேட்டு எழுதிப்போட்டார்.

பக்கத்து வீட்டுக் குருவம்மாளின் ஆடு ஒரு கொப்பை எட்டி இழுத்துத் தின்றுவிட்டது. ஆட்டைக் காவலில் எடுத்து, சின்னம் வெளியே வருகிறவரைக்கும் காத்திருந்தார்கள். வந்ததை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அனுப்பப்பட்டது சின்னம் அல்ல என்று அறிக்கை வந்தது. ஆனாலும் ஆட்டை விடவில்லை, சின்னம் இன்னும் உள்ளேயே இருக்கலாமாம்.

தென்காசி மினிபஸ் கண்டக்டர் வேல்சாமி விசிலைத் தொலைத்துவிட்டு, மேலகரம் நிறுத்தத்தில் ஒரு பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதினார். அவருக்கு நோட்டீஸ் வந்தது. பஸ்ஸைக் கிளப்ப ஊதியிருந்தால் அது முன்னேற்றத்தைக் குறிக்கும், மன்னிக்கலாம். நிறுத்த ஊதியிருப்பதால் தேசத்தையே நிறுத்தச் சொன்னதாக ஆகிறது என்று அதில் இருந்தது.

கடைசியில் மரத்துக்கே நோட்டீஸ் வந்தது. ஆய்வுக்கு வந்த குழு ஒவ்வொரு இலையாக நாணயத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், மரத்தில் ஒரு இலைகூடத் தேசியச் சின்னத்தைப் போல் இல்லை. எல்லாவற்றுக்கும் காம்பு இருந்தது. பள்ளம் இல்லை. நிறம் ஒரேயடியாகப் பச்சை. தரம் தாழ்ந்துபோனதற்கு மரம் விளக்கம் தர வேண்டும் என்று ஆணியடித்துவிட்டுப் போனார்கள். ஆணியடிப்பது சின்னத்துக்கு அவமதிப்பு ஆகாதா என்று மாடக்கண்ணு கேட்டான். விதியில் இலைதான் இருக்கிறது, மரம் இல்லை என்றார்கள்.

அதன் பிறகுதான் யாரோ ஒரு ஆள், ஐந்தருவிப் பக்கம் தேசியச் சின்னத்தை வரிசையாக அடுக்கி அவிக்கிறார்கள் என்று வாரியத்துக்குத் தகவல் கொடுத்தது. அதற்கப்புறம் சனிக்கிழமை, அரக்கு, கோப்பு அட்டை.

விசாரணை புதன்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் கிங்ஸ்லி வந்தான். பூட்டின கடையின் முன்னால் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்து, நனைந்த தொப்பியைப் பிழிந்துகொண்டே இருந்தான். அவனை நிரந்தரமாக்குகிற உத்தரவு இந்த மாதம் வருவதாக இருந்தது. வீட்டில் அவன் மனைவி கிருபா நிறைமாதம். இது ஆவுடையம்மாளுக்குத் தெரியும், ராயகிரியிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்குக் கருப்பட்டி கொடுத்தனுப்பியதே அவள்தான்.

“அக்கா, அந்த இலை உங்க கொழுக்கட்டை இலைன்னு நாளைக்கு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கடை தொறந்துரும். அவிச்சது தப்புன்னா அவங்க நாணயமே தப்பாயிரும்லா. உங்கள எதுவும் செய்ய முடியாது” என்றான். “என் வேலை போயிரும். சொல்லாதீங்கன்னு கேக்க வரல. எந்நேரம் சொல்லுவீங்கன்னு தெரிஞ்சா, அதுக்கு முன்னால நான் வெளிய போயிருவேன். அங்கன நின்னு கேக்க முடியாதுக்கா.”

ஆவுடையம்மாள் கடைப் பூட்டைப் பார்த்தாள். சொன்னால் இவன் வயிற்றில் அடித்ததாகும். சொல்லாவிட்டால் தன் அடுப்பு அணையும். அவன் போன பிறகு, எல்லாவற்றையும் சிப்ஸ் எண்ணெய்க்கு மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்த மசூது ஜல்லிக்கரண்டியை வைத்துவிட்டு வந்தார். செங்கோட்டைச் சந்தையில் மலையாளத்து வியாபாரிகளோடு பேரம் பேசியே தலை நரைத்தவர்.

“தங்கச்சி, நாளைக்கு நீ போறது விசாரணைக்குன்னு நெனச்சிராத. யாவாரம். அவியகிட்ட ஒரு சரக்கு இருக்கு, உங்கிட்ட ஒரு சரக்கு இருக்கு” என்றார்.

“எங்கிட்ட என்ன இருக்கு பாய்?”

“அதத்தான் அவிய சொல்லணும். நீ சொல்லக் கூடாது. வெலையை மொதல்ல சொன்னவன் தோத்தான். அழாத, கும்பிடாத, தலையாட்டாத. சும்மா இரு. நீ சும்மா இருந்தா அவியளால சும்மா இருக்க முடியாது பாத்துக்கோ. பேசிப் பழகுன ஆளுவ.”

பங்களா ஹாலில் நீளமான மேஜை. அதன் நடுவில் தளவாய், ஒரு பக்கம் ஸ்வாதி, சுவரோரம் கிங்ஸ்லி. தளவாயின் முதுகுக்குப் பின்னால் நாணயத்தின் படம் ஆள் உயரத்துக்குப் பெரிதாக மாட்டியிருந்தது. வெளியே காற்றும் சாரலும் தகரக் கூரையில் அறைந்துகொண்டிருந்தன. ஆவுடையம்மாளுக்கு உட்கார நாற்காலி போடவில்லை. வலது கையை மட்டும் முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

ஸ்வாதி குற்றங்களைப் படித்தார். சின்னத்தைத் தீயிட்டது, நீரில் இட்டது, மாவு பூசியது, மடித்தது, விற்றது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கடையை மூடலாம் என்றும், ஒரே கடை என்பதால் ஒரு முறைதான் மூட முடிகிறது என்றும் வருத்தத்தோடு சொன்னார். பிறகு கொப்பரையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்கள். நாலு நாளாக முத்திரைக்குள் இருந்த கொப்பரை. துணி ஒரு பக்கம் உப்பியிருந்தது.

“திறங்கள். அவமதிக்கப்பட்ட சின்னத்தை அனைவரும் கண்ணால் காணட்டும்” என்றார் தளவாய்.

ஆவுடையம்மாள் சுவர்ப்பக்கம் பார்த்தாள். கிங்ஸ்லி சுவரோடு சுவராக ஒட்டியிருந்தான்.

“தொறக்க வேண்டாம் சார்” என்றாள்.

“பயப்படுகிறாள்” என்று தளவாய் ஸ்வாதியிடம் சொல்லிவிட்டு, வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு தானே எழுந்து முத்திரையை உடைத்தார்.

புளித்த நாற்றம் ஹாலை நிறைத்தது. ஸ்வாதி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். தளவாய் அசரவில்லை. மேலே கிடந்த ஒரு கொழுக்கட்டையை எடுத்து, உலகம் பார்க்கட்டும் என்பதுபோல் உயர்த்திப் பிடித்து, இலையை உரித்தார். மாவு நழுவிக் கோப்பின் மேல் விழுந்தது. இலை அவர் கையில் நின்றது. காம்பு இல்லை. பச்சையும் இல்லாத பழுப்பும் இல்லாத நிறம். ஓரத்தில் மூன்று பள்ளம், நடுப்பள்ளம் கொஞ்சம் ஆழம்.

ஸ்வாதி இலையைப் பார்த்தார். பிறகு தலைவரின் தலைக்கு மேலே சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி இலையை. அவர் பார்வை போன வழியே தளவாயும் திரும்பினார். திரும்பியவர் வெகுநேரம் முன்பக்கம் வரவேயில்லை.

“சார், இது…” என்றார் ஸ்வாதி.

“தெரிகிறது.”

தளவாய் இலையை மேஜைமேல் வைத்தார். ஆவுடையம்மாளிடம் வலது கையைக் காட்டச் சொன்னார். அவள் முந்தானையை விலக்கிக் காட்டினாள். இலையின் மேல் வைக்கச் சொன்னார். நீர், நிலம், நிர்வாகம் மூன்றும் அவள் விரல்களுக்குள் ஒழுங்காகப் போய் உட்கார்ந்தன.

தளவாய் மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பினார். “கிங்ஸ்லி, மாதிரி எடுத்த அன்று மரத்தில் ஏறினீரா?”

கிங்ஸ்லி வாயைத் திறந்தான். தளவாய் சட்டென்று கையை உயர்த்தினார்.

“பதில் சொல்ல வேண்டாம். சொன்னால் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.”

கூரையில் மழை மட்டும் பேசியது. கும்பிட்டு விழுந்துவிடலாமா என்று ஆவுடையம்மாளுக்குத் தோன்றியது. மசூது சொன்னது நினைவுக்கு வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

தளவாய்தான் முதலில் தாங்க முடியாமல் ஆரம்பித்தார். வாரியம் கருணை மிக்கது. அபராதம் வேண்டாம் என்று நினைக்கிறது. அவள் அதே இடத்தில் வடை, பஜ்ஜி ஏதாவது போட்டுக்கொள்ளட்டும்.

அவள் சும்மா நின்றாள்.

சரி, எச்சரிக்கையோடு கொழுக்கட்டையே போடட்டும் என்றார். ஆவுடையம்மாளின் தலை ஆடுவதற்கு இருந்தது, கழுத்தைப் பிடித்து நிறுத்தினாள். அவள் அசையாததைப் பார்த்து ஸ்வாதி தலைவர் பக்கம் சாய்ந்து, இவள் கோர்ட்டுக்குப் போனால் கொப்பரையை அங்கே வைத்துத் திறப்பார்கள் சார் என்று காதில் சொன்னார். ஹாலில் எல்லோருக்கும் கேட்டது.

“எச்சரிக்கையும் இல்லை” என்றார் தளவாய் அவசரமாக.

கொப்பரை நாற்றம் தாங்காமல் அவளுக்கு இருமல் வந்தது. இருமினாள். தளவாய் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டார். எழுந்து நின்றார், சட்டையின் முதல் பொத்தானைப் போட்டார், குரலை மேடைக்குத் தகுந்தபடி ஏற்றினார்.

“வாரியம் இந்த விஷயத்தை ஆழமாகப் பரிசீலித்துவிட்டது. இந்த அம்மையார் சின்னத்தை அவிக்கவில்லை. அவித்ததால்தான் அது சின்னமாகிறது. மரத்திலிருப்பது வெறும் இலை, கச்சாப் பொருள். நாணயம் வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே, நாணயத்தில் வரப்போவதை உணர்ந்து, தேசபக்தியால் ஒரு பெண்மணி அதே வடிவத்தில் இலையை அழுத்திவந்திருக்கிறார். இதை வாரியம் அன்றே கண்டுபிடித்தது. பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்படும்.”

அவளுக்குக் கடை கிடைத்துவிட்டது. இப்போது தலையாட்டினால் நாளைக் காலையில் அடுப்பு மூட்டலாம். அவள் கண் சுவர்ப்பக்கம் போயிற்று. கிங்ஸ்லி தொப்பியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, தன் பெயர் வருகிறதா என்று தரையைப் பார்த்தபடி நின்றான். அவள் தலையாட்டவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள், எல்லோரும் பார்க்கும்படி.

தளவாய்க்கு வியர்த்தது. அவள் பார்ப்பது எங்கே என்று பார்த்தார். “இந்தக் கண்டுபிடிப்புக்கு வழிவகுத்த களப்பணியாளர் கிங்ஸ்லி இன்று முதல் நிரந்தரம். இலைத் தர ஆய்வாளராக நியமிக்கப்படுகிறார்” என்றார். மூச்சு வாங்கியது.

ஆவுடையம்மாள் அப்போதுதான் மறுபடி வாயைத் திறந்தாள்.

“கொப்பரையைக் கழுவித் தருவீயளா சார்?”

கழுவித் தந்தார்கள். உத்தரவு சனிக்கிழமை கைக்கு வந்தது. அதை மாடக்கண்ணு கடை வாசலில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தபோதுதான் கடைசிப் பத்தி தெரிந்தது. இந்தக் கடையில் ஆகிற ஒவ்வொரு கொழுக்கட்டை இலையிலும் மூன்று பள்ளமும் நாணயத்திலுள்ள அளவிலேயே இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது கள்ளநாணயம் அடித்ததாகக் கருதப்பட்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்படும். விற்பனைக்கு முன் எல்லா இலைகளையும் வாரியம் நேரில் பரிசோதிக்கும்.

“நேத்து வரைக்கும் அவிச்சா ஜெயிலு. இன்னைக்கு நடுவிரல் ஆடுனா ஜெயிலு” என்றான் மாடக்கண்ணு. “வடையே போட்டிருக்கலாம்ட்டி.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறந்தது. கூட்டம் ஐந்தருவி வளைவு வரைக்கும் நின்றது. கேரளாக்காரர்கள், மதுரைக்காரர்கள், ஈரத் தலைகள். கூட்டத்தின் முன்னால் வாரியத்தின் ஜீப்புகள். தளவாய், ஸ்வாதி, கிங்ஸ்லி, டிரைவர்கள், அலுவலகப் பணியாளர்கள், எல்லோர் கையிலும் ஆளுக்கொரு பூதக்கண்ணாடி. மோமோஸ்காரனும் வந்து ஓரமாக நின்றான்.

ஆவுடையம்மாளின் விரல்கள் அன்று அவள் பேச்சைக் கேட்கவில்லை. இத்தனை வருஷம் நினைக்காமல் அழுத்தியதை இப்போது நினைத்து அழுத்த வேண்டியிருந்தது. ஒன்றில் ஆழம் கூடியது, ஒன்றில் இரண்டு விரல்தான் பதிந்ததோ என்று சந்தேகம். பிரித்துப் பார்த்துத் திருத்த நேரமில்லை, கொப்பரையில் அடுக்கியாயிற்று. ஆவி வந்தது. மாடக்கண்ணு மூடியைத் தூக்கினான். வெந்த பூவரச வாசம் வரிசை முழுக்கப் போயிற்று. தளவாய் பூதக்கண்ணாடியோடு முன்னால் வந்து, மேலே இருந்த கொழுக்கட்டையைப் பிரிக்கக் கையை நீட்டினார்.

அந்தக் கை இலையைத் தொடுவதற்குள் ஆவுடையம்மாளின் கரண்டி குறுக்கே வந்தது.

“வாங்காம பிரிக்கக் கூடாது சார்.”

“அம்மா, இது பரிசோதனை.”

“என்னவா வேணாலும் இருக்கட்டும். பிரிச்சுப் போட்டுட்டு நீங்க போயிருவீய. பிரிச்ச பண்டத்த அடுத்த ஆளு எப்படி வாங்குவாவ? காச வச்சுட்டுப் பிரிங்க.”

வரிசையில் நின்றவர்கள் ஆமா ஆமா என்றார்கள். சிப்ஸ் கடையில் மசூது எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தார், தோள் மட்டும் குலுங்கியது. தளவாய் ஸ்வாதியிடம் கேட்டார். பரிசோதிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, இனாமாகப் பரிசோதிக்கலாம் என்று விதி இல்லை என்றார் ஸ்வாதி. ஒன்றிரண்டை மட்டும் பார்த்தால் போதாதா என்று தளவாய் இழுத்தார். எல்லா இலைகளையும் என்று உத்தரவில் இருக்கிறது, உத்தரவில் தங்கள் கையெழுத்து இருக்கிறது என்றார் ஸ்வாதி.

வாரியம் வாங்கியது. இலையைப் பார்க்க வேண்டுமானால் உள்ளே இருப்பதை அகற்ற வேண்டும், அகற்றியதைத் தரையில் போட்டால் எறும்பு வரும், தேசத்துக்கு அழகல்ல. ஆகவே தின்றார்கள். முதல் ஈடு தீர்ந்தது. இரண்டாவது ஈடு ஏறியது, அதையும் வாங்கினார்கள். டிரைவர்களும் பணியாளர்களும் பாலத்துக் கட்டையில் வரிசையாக உட்கார்ந்து தின்று, இலையை விரித்துக் கண்ணாடிக்குள் பார்த்தார்கள். கருப்பட்டிப் பாகு ஒட்டிய கண்ணாடியில் மூன்று பள்ளமும் தெரியவில்லை, ஒரு பள்ளமும் தெரியவில்லை. கிங்ஸ்லி ஒவ்வொரு இலைக்கும் சரி என்று குறித்துக்கொண்டே போனான். பொதுமக்கள் ஒரு கொழுக்கட்டைகூடக் கிடைக்காமல் முணுமுணுத்தார்கள். மோமோஸ்காரன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பழைய குற்றாலத்துப் பக்கம் இடம் தேடிப் போனான்.

ஆவுடையம்மாளின் விரல்கள் எப்போது பழைய பழக்கத்துக்குத் திரும்பின என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்றாவது ஈட்டுக்கு நினைக்காமலே அழுத்திக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் தளவாய் வயிற்றைத் தடவிக்கொண்டு, மீசையோரத்துத் தேங்காய்ப்பூவைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்துக்குக் கேட்காதபடி குனிந்தார்.

“ஏம்மா, நாங்கள் மொத்தமாக எடுக்கிறோம். தினமும் எடுப்போம். பார்த்து விலையைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?”

ஆவுடையம்மாள் இலையை மடித்து ஓரத்தை அழுத்தினாள். நிதானமாகக் கொப்பரையில் அடுக்கினாள்.

“கொறைக்கலாம் சார், எனக்கென்ன. தேசியச் சின்னத்தக் கொறஞ்ச வெலைக்கு வித்தேன்னு அவமதிப்புக் கேஸ் போட்டுருவீயளோன்னுதான் யோசிக்கேன்.”

தளவாய் திரும்பி ஸ்வாதியைப் பார்த்தார். ஸ்வாதி, வாய் நிறையக் கொழுக்கட்டையோடு, ஆமாம் என்று தலையசைத்தார்.